ஆறுமணிக்குருவியும் மைக்செட் சுந்தரனும்

சுந்தரனுக்குக் காது சரியாகக் கேட்காது என்கிற சங்கதி ஊரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அது அவன் பெண்டாட்டி மினி. வெளியே எப்படிச் சொல்வது? குன்னத்துகாலில் இருந்து உதியன்குளங்கரை வரைக்கும் கல்யாணமோ கோயில் உற்சவமோ சர்ச் பெருநாளோ, எதுவானாலும் பந்தலும் லைட்டும் மைக்செட்டும் சுந்தரனுடையதுதான். மைக்செட்காரனுக்கே காது போய்விட்டது என்று தெரிந்தால் அப்புறம் எவன் கூப்பிடுவான்?

அதற்காக முழுச் செவிடு என்று நினைத்துவிட வேண்டாம். பேச்சு கேட்கும், செண்டை கேட்கும், பஸ் ஹாரன் கேட்கும். வாலிபம் முழுவதையும் ஆளுயரப் பாக்ஸ்களின் வாயருகே கழித்ததில், மெல்லிசான கூர்மையான சத்தங்கள் மட்டும் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டு போய்விட்டன. கொலுசு போயிற்று, சீட்டி போயிற்று, அடுத்த வீட்டுக் குக்கர் விசிலும் போயிற்று. நெய்யாற்றின்கரையில் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டுக் காதில் மெஷின் வைக்கச் சொன்னார்.

“மைக்செட்டுக்காரனுக்க செவியில மெஷினா? நல்ல கதை!” என்று எழுந்து வந்துவிட்டான்.

அன்றிலிருந்து அவனுக்குக் காது மினிதான். எந்த ஊரில் பாக்ஸ் கட்டினாலும் பந்தலின் கடைசியில் போய் அவள் நின்றுகொள்வாள். தோளில் துவர்த்துத் துண்டு கிடக்கும். அதைத் தலைக்கு மேலே தூக்கினால் கூர்மையான சத்தத்துக்கான டிரெபிளைக் கூட்ட வேண்டும், கீழே தாழ்த்தினால் குறைக்க வேண்டும். மேளக்காரர்கள் முதல் கமிட்டிக்காரர்கள் வரை எல்லோரும், “சுந்தரனுக்க செட்டு தேன் மாதிரியாக்கும்” என்று சொல்வார்கள். அந்தத் தேனை ஊற்றிக்கொண்டிருந்தது துவர்த்து என்று ஒருத்தருக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட மனுஷன், பறவை எதுவானாலும் கிளி என்று சொல்கிற அந்த ஊரில், கிளி பார்க்கிற கூட்டத்தில் போய்ச் சேர்ந்தானே, அதுதான் வேடிக்கை. சேர்த்துவிட்டது விட்டில்கள். ராத்திரி முழுக்க டியூப்லைட் எரிந்த பந்தலில் விடிந்ததும் பார்த்தால், வெள்ளைச் சைடுதுணி பூராவும் அந்துப்பூச்சிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். வேலைக்காரர்கள் துணியை உதறிச் சுருட்டிப் போய்விடுவார்கள். ஒரு நாள் பட்டாளத்துச் சட்டை போட்ட மாதிரி பச்சையில் ஒன்று உள்ளங்கை நீளத்துக்கு உட்கார்ந்திருந்தது. சுந்தரன் அதைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸில் போட்டான். அரைமணி நேரத்தில் லேகா டீச்சர் கூப்பிட்டார்.

லேகா டீச்சர் பாறசாலையில் உயிரியல் எடுப்பவர். மாநில எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற கிளிப் பைத்தியங்களை ஒன்றாகக் கட்டி மேய்ப்பவரும் அவரே. “சுந்தரண்ணா, அது அரளியும் நந்தியாவட்டையும் தின்னு வளருத பருந்து விட்டிலாக்கும். அந்தத் துணிய உதறாதிங்க, நான் இப்பம் வாறேன்!” என்றார். வந்தார், பார்த்தார், குதித்தார். பல வருஷமாக ராத்திரி ராத்திரியாகத் தான் விளக்கு வைத்து விரித்துப் பார்த்த ஒற்றைத் துணியில் வராததெல்லாம் சுந்தரனின் கல்யாணப் பந்தலில் வந்து குந்தியிருக்கிறதே என்று அவருக்குத் தாங்கவில்லை. அன்று முதல் எந்தப் பந்தலானாலும் விடிந்ததும் முதல் சோலி விட்டில்களைப் படமெடுத்துக் குரூப்பில் போடுவது. அதற்குப் பிறகுதான் துணியை அவிழ்ப்பான். விட்டிலைப் பார்க்கக் காது எதற்கு? சுந்தரன் அதில் கெட்டிக்காரனாகிவிட்டான்.

வம்பு கிளியில்தான் வந்தது. மாசி பங்குனியில் குளிர்காலத்துக்கு வந்த கிளிகள் வடக்கே திரும்பும். கல்யாண வீட்டில் ஒவ்வொரு சொந்தமாகப் பெட்டியைக் கட்டுவது மாதிரி, இன்றைக்கு மாங்குயிலைக் காணோம், நாளைக்கு வாலாட்டியைக் காணோம். யார் புறப்பட்டாச்சு, யார் இன்னும் இருக்கிறார் என்று காலையில் நடந்து போய்க் கணக்கெடுப்பதுதான் கூட்டத்தின் வேலை. நடக்கும்போது டீச்சர் சட்டென்று நின்று விரலைத் தூக்குவார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள்.

“கேக்குதா?”

“கேக்குது, கேக்குது,” என்று மற்றவர்களைவிடப் பலமாகத் தலையாட்டுகிறவன் சுந்தரன்தான். அவனுக்கு ஒரு மண்ணும் கேட்டிருக்காது.

அப்படித் தலையாட்டிய கிளிகளில் ஒன்றுதான் ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, மஞ்சள் வயிறு, வாலடியில் சிவப்பு, சிறகில் ஒரு துண்டு நீலம், கண்ணில் கறுப்பு மை. வால் இருப்பதே தெரியாத ஒரு சின்ன உருண்டை. இமயமலை அடிவாரத்துப் பக்கத்தில் இருந்து பறந்து வந்து சாஸ்தா கோயிலை ஒட்டி மரமும் புதருமாக அடர்ந்த காவில் சருகைக் கிளறிக்கொண்டு குளிர்காலத்தைக் கழிக்கும். காலையில் ஆறு மணிக்கும் சாயங்காலம் ஆறு மணிக்கும் இரண்டு சுரத்தில் சீட்டி அடிக்கும். சுந்தரன் அதைக் கண்ணால் பார்த்திருக்கிறான். கழுத்தை மேலே எறிந்து வாயைத் திறக்கும். திறந்த வாயில் இருந்து சுந்தரனுக்கு ஒன்றும் வராது.

“எப்பிடி இருக்கும் அது?” என்று மினியிடம் கேட்டான். அவள் உதட்டைக் குவித்து ஊதிக் காட்டினாள். உதடு குவிந்ததைத்தான் அவன் பார்த்தான். வாழ்நாள் முழுக்கச் சத்தத்தை விற்றுப் பிழைத்தவன், ஒரு கைப்பிடிக் கிளியின் சத்தம் தனக்கு இல்லை என்று நினைத்து நினைத்து வெந்தான்.

பங்குனி உத்திரத்துக்குக் கோயிலில் கொடியேறியது. செட்டு சுந்தரனுடையது. கிளியோ இன்று போகுமோ நாளை போகுமோ என்று நிற்கிறது. கேட்டால் இப்போது கேட்க வேண்டும், இல்லாவிட்டால் ஐப்பசி வரை காத்திருக்க வேண்டும். ஐப்பசிக்குள் மிச்சமிருக்கிற காதும் போய்விட்டால்? காவைப் பார்த்தபடி ஒயர் இழுத்துக்கொண்டிருந்தபோது சுந்தரனுக்குச் சுரீர் என்று உறைத்தது. அட மடையா! நீ மைக்செட்காரனில்லையா? ஊரிலுள்ள எல்லாருடைய தொண்டையையும் பெரிசாக்கிக் கொடுக்கிறவன் இந்தக் கிளியின் தொண்டையைப் பெரிசாக்க முடியாதா?

சாயங்காலமே காவின் ஓரத்தில் ஒரு மைக்கைச் சருகுக்குள் மறைத்து வைத்தான். ஒயரைக் கோயில் மதிலோடு கொண்டுவந்து மிக்ஸரில் சொருகினான். விஷயம் மினிக்கு மட்டும் தெரியும். விடியற்காலம் வழக்கம்போல சாஸ்தா பாட்டு போட்டான். ரோடு நெடுக, முக்கு வரைக்கும், போஸ்ட்டுக்குப் போஸ்ட் பாக்ஸ் கட்டியிருந்தது. மினி பழக்கதோஷத்தில் தூரத்தில் போய் நின்றுகொண்டாள். ஆறு மணிக்குப் பாட்டு முடிந்தது. சுந்தரன் ஹெட்போனை மாட்டினான், கண்ணை மூடினான், காவு மைக்கின் வால்யூமைத் தள்ளினான்.

முதலில் சருகு. சரசரவென்று யாரோ அப்பளம் நொறுக்குகிற மாதிரி. பிறகு ஒரு தவளை. அவன் நெஞ்சு செண்டை கொட்டிற்று. அப்புறம் வந்தது. கீழிருந்து மேலே ஏறி ஒரு சீட்டி, உடனே மேலிருந்து கீழே வழுக்கி இன்னொன்று. கேட்டது! பளிச்சென்று, பச்சைத் தண்ணீர் முகத்தில் அடித்த மாதிரி கேட்டது. சுந்தரன் நின்ற இடத்தில் ஒரு துள்ளுத் துள்ளினான்.

கண்ணைத் திறந்தால் தூரத்தில் மினி. துவர்த்தைத் தலைக்கு மேலே தூக்கித் தூக்கி வீசுகிறாள். டிரெபிளைக் கூட்டச் சொல்கிறாள்! அவளுக்கு எப்படித் தெரிந்தது, அவள்தானே என் காது என்று பூரித்துப்போய் டிரெபிளைக் கூட்டினான். அவள் இன்னும் வேகமாக, இரண்டு கையாலும் வீசினாள். இவனும் விடுவானா, முழுசாகத் திருப்பினான்.

பாவி மனுஷன், வெளிப் பாக்ஸ்களுக்குப் போகிற மெயினை மூட மறந்துவிட்டிருந்தான். சாஸ்தா பாட்டு போன அத்தனை பாக்ஸிலும் இப்போது காவு போய்க்கொண்டிருந்தது. பாக்ஸ்கள் எல்லாம் ரோட்டைப் பார்த்து இருந்ததால் சத்தம் மைக்கில் திரும்பி விழுந்து கூவவும் இல்லை. சருகு நொறுங்கியபோது ஒயர் தீப்பிடித்துவிட்டது என்று கடைக்காரர்கள் ஓடிவந்தார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு போஸ்ட்டில் இருந்தும் ஒரு ஆறுமணிக்குருவி சீட்டியடித்தது. பால் வாங்க வந்தவர்கள் பாத்திரத்தோடு அண்ணாந்து நின்றார்கள். காவுக்குள் இருந்த நிஜக் குருவிக்கோ தலை சுற்றியிருக்க வேண்டும். எங்கே அந்த இன்னொருத்தன் என்று பதறிப்போய்ப் புதரை விட்டுக் குதித்து வந்து, கோயில் மதில் மேல் எல்லோரும் பார்க்க நின்று, கழுத்தை எறிந்து பதிலுக்குக் கத்தியது. மஞ்சளும் நீலமும் சிவப்புமாக விடியல் வெளிச்சத்தில் அது நின்ற நிலையைப் பார்த்து ஊரே “அய்யோ!” என்றது.

முதலில் வந்து சேர்ந்தவர் கோயில் கமிட்டி செக்ரட்டரி செல்லசாமி. சுந்தரனின் தலையில் இருந்து ஹெட்போனைப் பிடுங்கினார்.

“எலே! சாஸ்தாவுக்க நடையில என்னலே இது கூத்து?”

ஹெட்போன் போனதும்தான் பாக்ஸில் வருவது சுந்தரனுக்குப் புரிந்தது. சட்டென்று மெயினை இழுத்து மூடினான். அதற்குள் தெருவின் அந்தக் கடைசியில் இருந்து லேகா டீச்சர், ஒரு காலில் செருப்பு இல்லாமல், ஓடி வந்துவிட்டார். கிளியின் சத்தத்தைப் போட்டுக் கிளியை ஏமாற்றுவது அவர் கூட்டத்தில் மகா பாவம். வேறொருத்தன் வந்துவிட்டான் என்று அது தீனியை விட்டுவிட்டு அலையும். தூரதேசப் பயணத்துக்கு உடம்பில் கொழுப்புச் சேர்க்க வேண்டிய நேரத்தில் இளைத்துப்போகும். போனில் போட்டாலே டீச்சர் குரூப்பை விட்டுத் தூக்குவார். இது ரோடு முழுக்க.

“அய்யோ சுந்தரண்ணா, எந்தா இது? நாளையோ மற்றநாளோ போக வேண்டிய கிளியில்லியா? இதுக்க ஒச்ச உங்களுக்குத் தெரியாததா? நூறு தடவ கேட்டதில்லியா நீங்க?”

சுந்தரன் கண்ணைத் துடைத்தான். அழுகிறானா சிரிக்கிறானா என்று யாருக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை.

“இல்ல டீச்சர். இண்ணைக்காக்கும் மொதல்ல கேட்டேன். எனக்கு நேரிய, மெல்லிசான ஒச்ச ஒண்ணும் கேக்காது. கேக்குது கேக்குதுன்னு சொன்னதெல்லாம் பொய்.”

சொல்லி முடித்த பிறகுதான் யார் எல்லாம் நிற்கிறார்கள் என்று பார்த்தான். கமிட்டி முழுக்க நின்றது. செல்லசாமியின் முகம் கடுத்தது. “அப்பம் செவி கேக்காத ஆளுக்கா நாங்க இத்தனை வருசமா மைக்செட்டு குடுத்தது?”

மினி துவர்த்தை இடுப்பில் சொருகிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தாள். “அவருக்க செவி நானாக்கும், செக்ரட்டரி. இத்தனை வருசமும் ஒரு குத்தம் சொன்னதுண்டா? நாளைக்கும் நான் நிப்பேன். நாளைக்கும் நல்லாத்தான் கேக்கும்.” பிறகு புருஷன் பக்கம் திரும்பினாள். “நான் நிப்பாட்டச் சொல்லிக் கையைப் போட்டு அடிச்சேன். நீங்க என்னத்துக்குக் கூட்டிக் கூட்டி வச்சிய?”

யாரோ சிரித்தார்கள். அது பற்றிக்கொண்டது. செல்லசாமி மட்டும் சிரிக்கவில்லை. டீச்சரும் சிரிக்கவில்லை, அவர் காவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு ஊர் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு வாசலில் நின்றது. சீட்டி வரவில்லை. சாயங்காலமும் வரவில்லை. புறப்படும் நாள் வந்து போனதா, சுந்தரன் விரட்டிவிட்டானா, யாராலும் சொல்ல முடியவில்லை. போகிற பயலுக்கு உடம்பில் தெம்பு இருந்ததோ இல்லையோ என்று சுந்தரன் சோறு இறங்காமல் திரிந்தான். உற்சவம் ஒழுங்காக முடிந்தது. செட்டை யாரும் மாற்றவில்லை. எடவப்பாதி மழை வந்தது, ஓணம் வந்தது, பந்தல் துணியில் விதவிதமாக விட்டில்கள் வந்தன. நெய்யாற்றின்கரைக்குப் போய் மெஷினுக்கு அளவும் கொடுத்துவிட்டு வந்தான், மெஷின்தான் இன்னும் வந்து சேர்ந்தபாடில்லை. எல்லாம் நடந்தும் மனதில் அந்த முள் எடுபடவில்லை. கேட்ட சந்தோஷம் ஒரு கண்ணில் என்றால், கெடுத்தேனோ என்கிற பயம் மறு கண்ணில் இருந்தது.

ஐப்பசியில் ஒரு விடியற்காலம், துலாமழை விட்ட நேரம், போன் மினுங்கிற்று. செல்லசாமியிடம் இருந்து ஒரு குரல் செய்தி. உற்சவத்துக்குப் பிறகு அவர் சுந்தரனிடம் சோலிக்கு மேல் ஒரு வார்த்தை பேசியவரில்லை. அமுக்கிக் காதில் வைத்தான். ஒன்றும் இல்லை, இரைச்சல்தான். மறுபடி வைத்தான். இரைச்சல்தான். பக்கத்தில் நின்ற மினியின் முகத்தைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் ஷெட்டுக்கு ஓடினார்கள். டீச்சருக்குப் பயந்து கதவையும் ஜன்னலையும் அடைத்தார்கள். போனை மிக்ஸரில் சொருகி, ஒரே ஒரு சின்ன பாக்ஸைத் திறந்தான். மினி ஷெட்டின் அந்தக் கோடியில் போய் நின்றாள். துவர்த்து மெல்ல மேலே போனது. அவன் டிரெபிளைக் கூட்டினான். இன்னும் கொஞ்சம் போனது, இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

மேலே ஏறி ஒரு சீட்டி. கீழே இறங்கி ஒரு சீட்டி. அதன் பின்னால், எங்கே கிளிக்குக் கேட்டுவிடுமோ என்று அடக்கிய தொண்டையில் செல்லசாமி: “எலே சுந்தரா, ஆளு வந்தாச்சுலே. அதே இடம்.”

மினி கோடியில் இருந்து புருவத்தைத் தூக்கினாள். கேக்குதா?

“கேக்குது,” என்றான் சுந்தரன். சத்தியமாகக் கேட்டது.