ஓரின் இரண்டாம் முறை போன் செய்தது

மினசோட்டாவின் வடக்கே எங்கள் ஊரில் பனி தள்ளும் லாரி ஓட்டுகிறவர்களில் ஓரின் ஹாக்லண்டைச் சிறந்தவர் என்று சொல்ல மாட்டேன். நாம் வாரி முடித்த வாசலில் மறுபடி பனியைக் குவித்துவிட்டுப் போவார். தபால் பெட்டிகளைச் சாய்ப்பார். மறுநாள் மண்வெட்டியோடு வந்து தானே நட்டும் கொடுப்பார். ஊர் அவரை வைதுகொண்டே அவருக்குக் காப்பி ஊற்றும்.

போன பிப்ரவரிப் புயலில் பக்கத்து ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் கார் சாலையோரப் பள்ளத்தில் இறங்கிப் பனியில் புதைந்துவிட்டது. ஓரின் அந்த வழியாக லாரியில் போனார், திரும்பியும் வந்தார். கார் கண்ணில் படவில்லை. புயல் ஓய்ந்தபின் ஆசிரியரை உயிரில்லாமல்தான் எடுத்தார்கள். விசாரித்த அதிகாரி, பாதிரியார், இறந்தவரின் மனைவி என எல்லோரும் ஓரினிடம் உங்கள் மேல் தப்பில்லை என்றார்கள். அவர் தலையாட்டினார். ஆனால் அதன்பின் லாரியில் ஏறினாலே கை நடுங்கும், மூச்சு முட்டும், இறங்கிவிடுவார். கோடை முழுவதும் சாலையோரப் புல்லை வெட்டிச் சமாளித்தார். அக்டோபரில் பணிமனையில் கேட்டுவிட்டார்கள்: முதல் பனிக்கு ஓட்டுவீர்களா, இல்லை வேறு ஆள் பார்க்கட்டுமா?

மனநல ஆலோசகரைத் தேடியவள் அவர் மனைவி வெர்னா. பெரிய ஊரில் இருந்தவர்களிடம் வசந்தம் வரை இடமில்லை. ஒருவர் கணினித் திரையில்தான் பேசுவேன் என்றார்.

"அந்தப் பெட்டிகிட்ட நாளைக்கு மழை வருமான்னு கேப்பேன்" என்றார் ஓரின். "மனசு விட்டுல்லாம் பேச மாட்டேன்."

"நீ என்கிட்டயே பேசல. பெட்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

கடைசியில், டெக்சஸிலிருந்து புதிதாகக் குடிவந்த மரிசெலா ட்ரெவினோ என்ற ஆலோசகர் மருந்துக்கடை மாடியில் அறை எடுத்திருப்பது தெரிந்தது. வெர்னா எண்ணை அழுத்திப் போனை ஓரின் கையில் திணித்தாள்.

"வியாழக்கிழமை காலைல ஒரு நேரம் காலியா இருக்கு. வர்றீங்களா?" என்றார் மரிசெலா.

"அய்யோ, எனக்காக எதுக்குங்க சிரமம். நெசமாவே கஷ்டப்படறவங்க யாருக்காவது குடுங்க."

"சரிங்க. எப்பத் தேவைப்பட்டாலும் கூப்பிடுங்க" என்று அவர் வைத்துவிட்டார்.

ஓரின் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் எதை நீட்டினாலும் முதலில் வேண்டாம் என்போம், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்போம், மூன்றாம் தடவைதான் 'சரி, கொஞ்சமா' என்று கை நீட்டுவோம். தேவாலயத்துத் தட்டுகளில் கடைசித் துண்டு கேக் காய்ந்துபோவது இதனால்தான்.

"என்னாச்சு?" என்றாள் வெர்னா.

"மறுபடி கேக்கவே இல்ல அந்தம்மா."

வெர்னா சிரித்த சிரிப்பில் நாற்காலியைத் தேடி உட்கார வேண்டியதாயிற்று. பிறகு சிரிப்பு நின்றது. "திருப்பிக் கூப்பிடு, ஓரின்."

"வேண்டாம்னு சொல்லிட்டுத் திரும்பப் போய்க் கேக்கறதா? என்ன நெனைப்பாங்க?"

"மனுசன்னு நெனைப்பாங்க."

கேட்பது எளிது என்று நினைக்கிறவர்கள் கேட்காமலே கிடைத்து வளர்ந்தவர்கள். பிறர் நீட்டக் காத்திருப்பதை நாங்கள் அடக்கம் என்கிறோம். அதில் பாதி அகந்தை என்பது என் எண்ணம்: தேவைப்படுகிறவன் நானில்லை, கொடுக்க ஆசைப்பட்டது நீதான் என்று காட்டிக்கொள்ள ஒரு வழி. ஓரின் அந்த வாரம் முழுவதும் விறகு பிளந்தார். அடுத்த குளிர்காலத்துக்கும் சேர்த்துப் பிளந்தார். அப்புறம் ஒரு காலை கொட்டகைக்குள் நின்றபடியே போன் செய்தார்.

"ஹாக்லண்ட் பேசறேன். வேண்டாம்னு சொன்னேனே, அவன்தான். எனக்கு... எனக்குத் தேவைப்படுதுங்க."

வியாழக்கிழமை ஊர்க்கண்ணுக்கு அஞ்சித் தன் காரைத் தூண்டில் கடை முன் நிறுத்திவிட்டு மருந்துக்கடைக்கு நடந்து போனார். அதைக் கடைக்காரர் பார்த்துவிட்டார். ஏரிக்குப் போகிறவன் ஏன் சர்ச் சட்டை போட்டிருக்கிறான் என்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் பேசிற்று. கையில் வெர்னா சுட்டுத் தந்த எலுமிச்சைப் பலகாரம். மாடி ஏறியதும் மரிசெலாவுக்கு இந்தக் குளிர் ஒத்துக்கொள்கிறதா, காரில் நல்ல டயர் இருக்கிறதா என்று விசாரித்தார். பிறகு காற்று புகுந்த ஜன்னலருகே போய்ச் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார்.

"இத நானே அடைச்சுத் தந்துடுவேன். டேப் இருக்கா?"

"ஜன்னல் இருக்கட்டும், மிஸ்டர் ஹாக்லண்ட். பலகாரம் பிரமாதம். இப்ப நீங்க உக்காருங்க."

உட்கார்ந்தார். புயலைப் பற்றிச் சொன்னார், வானிலை அறிக்கை படிப்பவரைப் போல. உங்கள் மேல் தப்பில்லை என்று இவரும் சொல்வார் என எதிர்பார்த்துத் தலையாட்டத் தயாராக இருந்தார். மரிசெலா அதைச் சொல்லவில்லை.

"அந்த இடத்தத் தாண்டும்போது உங்க கண்ணுக்கு என்ன தெரிஞ்சுது?"

எட்டு மாதமாக ஒருவரும் இதைக் கேட்டதில்லை. ஓரின் கண்ணை மூடிக்கொண்டார்.

"வெள்ளை" என்றார். "லாரியோட மூக்கே தெரியல. வெறும் வெள்ளை. அந்த ஆளு உள்ள இருந்து என் விளக்கப் பாத்திருப்பானோன்னுதான்..." மரிசெலா டிஷ்யூ பெட்டியை ஓரின் பக்கம் நகர்த்தி வைத்தார். அவர் எடுத்துக்கொண்டார்.

பேசியதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கு விருப்பமில்லை. ஆகவில்லை. வியாழக்கிழமைதோறும் போனார். சில நாள் முகம் தொங்கிப்போய்த் திரும்பினார். நவம்பரில் முதல் பனி விழுந்தபோது ஓட்டுகிறவன் இருக்கையில் அவர் இல்லை. அங்கே அவருடைய நண்பன் லைல் இருந்தான். தன்னையும் ஏற்றிக்கொண்டு போகச் சொல்லி ஓரின்தான் கேட்டிருந்தார். அந்தப் பள்ளத்தருகே வந்ததும், "நிறுத்துடா" என்றார்.

இறங்கி, சாலையோரத்தில் நின்று கீழே பார்த்தார். காட்டுப்புல்லின் நுனிகள் பனிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்தன. தொப்பியைக் கழற்றினார். லைல் ஜன்னலை இறக்கினான்.

"காது உறைஞ்சு விழப்போகுது. தொப்பியப் போடு, கிழவா."

"இரு."

"இருக்கேன், இருக்கேன். எனக்கென்ன, மணிக்கணக்குக்குத்தான் சம்பளம்."

சற்று நேரம் கழித்து ஓரின் லாரியைச் சுற்றிக்கொண்டு லைலின் பக்கம் வந்து கதவைத் திறந்தார்.

"நகரு. தேவாலயம் வரைக்கும் நான் ஓட்டறேன். அதுக்கு மேல முடியலன்னா நீ எடுத்துக்க."

லைல் நகர்ந்து உட்கார்ந்தான்.