காசு கட்டிச் சொன்ன புத்தி

டெய்லரம்மாவுக்குத் தெரிந்த எழுத்தெல்லாம் இன்ச் டேப்பில் இருக்கும் எண்கள்தான். ஒன்றிலிருந்து அறுபது வரை தலைகீழாகச் சொல்வாள். அதற்கு மேல் யாருக்கும் இடுப்பு இருக்கக் கூடாது என்பது அவள் கட்சி.

மாடிப்படிக்குக் கீழே ஒரு மெஷின், காலுடைந்த ஒரு கண்ணாடி, ஒரு மூட்டை துண்டுத்துணி. முப்பத்தைந்து வருஷம் அதிலேயே ஓடிவிட்டது. அந்தத் தொழில் சோறு போட்டதோடு நிற்காமல் ஒரு வியாதியையும் கொடுத்தது. தப்பான தையலைப் பார்த்தால் அவளால் சும்மா இருக்க முடியாது. பஸ்ஸில் முன்னால் நிற்பவர் தோளில் நூல் தொங்கினால் பல்லால் கடித்து எடுக்கப் போவாள். சாவு வீட்டில் எல்லோரும் மாரில் அடித்துக்கொண்டு அழும்போது, படுத்திருந்தவரின் காலரைப் பார்த்து, "இதை யார்கிட்ட குடுத்துத் தைச்சீங்க?" என்று கேட்டவள். இதெல்லாம் அடுத்தவர் மூட்டிவிட்ட கதையில்லை. துணி கொடுக்க வருகிறவர்களிடம் அவளே சொல்லிச் சிரிப்பாள்.

இப்படிப்பட்டவள் கையில் மருமகள் ஒரு போனைக் கொடுத்தாள். பார்சல் ஆபீஸில் வேலை பார்க்கும் பெண், கெட்டிக்காரி. நூலும் பட்டனும் வாங்க மாமியார் கடை கடையாக அலைய வேண்டாமென்று வங்கிக் கணக்கையும் அதிலேயே சேர்த்துவிட்டாள். வினை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

தினம் சாயங்காலம் நாலு மணிக்குப் போனில் ஒரு பெண் வந்து, எல்லோரும் பார்க்கப் பார்க்கச் சட்டை தைப்பாள். பட்டன் என்று தனக்குப் பேர் வைத்துக்கொண்டிருந்தாள். களையான முகம், தேனான பேச்சு. கத்தரிக்கோல் பிடிக்க மட்டும் தெரியாது. முதல் நாளே துணியை நனைத்துக் காயவைக்காமல் அப்படியே வெட்டினாள். டெய்லரம்மா போனைப் பார்த்து, "ஐயோ, நிறுத்து" என்றாள். போன் நிறுத்தவில்லை.

பார்க்கிறவர்களும் ஏதாவது சொல்லலாம். போனில் பேசினால் அதுவே எழுதிக்கொள்ளும். ஆனால் ஆயிரம் பேர் எழுதுவதில் நாம் எழுதுவது மழைத்தண்ணி மாதிரி ஓடிப்போகும். காசு கட்டினால் மட்டும் நம் பேச்சு நிறம் பூசிக்கொண்டு மேலே நிற்கும், அந்தப் பெண்ணும் வாய்விட்டு வாசிப்பாள். கொஞ்சம் கட்டினால் பச்சை. வாரிக் கட்டினால் சிவப்பு. அது நெடுநேரம் நிற்கும்.

டெய்லரம்மா பச்சையில் ஆரம்பித்தாள். "கை மாறிப்போச்சு கண்ணு. முன்பக்கத்துக்குக் குழிவா வெட்டினதைப் பின்பக்கம் வெச்சுத் தைக்கிற."

அந்தப் பெண் அழகாக வாசித்தாள். "நன்றி டெய்லரம்மா, லவ் யூ" என்று உள்ளங்கையில் ஒரு முத்தம் வைத்து ஊதினாள். பிறகு அதே கையை அதே பக்கம் வைத்துத் தைத்து முடித்தாள்.

பச்சை எடுபடவில்லை என்றால் சிவப்பு. ஊரில் மற்றவர்கள் அன்பு பொங்கிக் காசு அனுப்பினார்கள். இவள் ஒருத்திதான் சண்டை போடுவதற்குக் காசு கட்டினாள். நூல்கண்டுக்குக் கால்மணி நேரம் பேரம் பேசுகிறவள், கழுத்தை முதலில் சின்னதாக வெட்டு என்று சொல்லச் சிவப்பு. பட்டன் தைக்கிற பட்டிக்குள் கெட்டித்துணி வை என்று சொல்லச் சிவப்பு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைத் தவணை முறையில் வைத்துக்கொண்டாள்.

அந்தக் காசு எதற்காக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அவள் வீட்டுக்காரர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் அடித்தால் மூன்று பஸ் கிளம்பும் என்பார்கள். ஈறு கெட்டு, பல் மொத்தத்தையும் பிடுங்கியாயிற்று. நாலு மாதமாகக் கஞ்சியும் ஊறவைத்த ரொட்டியும்தான். செயற்கைப் பல் கட்ட அவர் சேர்த்த பணம்தான் அந்தக் கணக்கில் இருந்தது.

பல் டாக்டர் களிமண் மாதிரி எதையோ வாயில் அப்பி அச்சு எடுத்தார். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டுக்கும் பணம் கட்டச் சொன்னார்கள். டெய்லரம்மா போனை நீட்டினாள். கவுன்டரில் இருந்த பெண் இரண்டு தடவை தட்டிப் பார்த்தாள்.

"இதுல அவ்வளவு பணம் இல்லம்மா."

"நல்லாப் பாரும்மா."

"நல்லாத்தான் பார்த்தேன். ஒரு பல்லுக்குத்தான் வரும்."

கண்டக்டர் உதட்டில் ஒட்டிய மாவைத் துடைத்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். டிக்கெட் எடுக்காத பயணியைப் பார்க்கிற பார்வை அது. வீட்டுக்கு வரும் வழியிலேயே டெய்லரம்மா எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள்.

"எவளோ சட்டை தைக்கிறதுக்கு என் பல்லா?" என்றார் அவர்.

மருமகள் ஆப் கம்பெனிக்குப் போன் போட்டு விசாரித்தாள். "அத்தை, தெரிஞ்சே அனுப்பின காசைத் திருப்பித் தர மாட்டாங்களாம். நம்மளுக்குத் தெரியாம வேற யாராவது போனை எடுத்து அனுப்பியிருந்தா மட்டும்தான் தருவாங்களாம். நான் இல்ல, எனக்கு எதுவும் தெரியாதுன்னு மட்டும் சொல்லிடுங்க. வேற ஒரு வார்த்தை பேசாதீங்க."

"எனக்கு எழுதவே தெரியாதே, நம்புவாங்கதானே?"

"அதைக்கூடச் சொல்லாதீங்க."

பொய் சொல்வது டெய்லரம்மாவுக்குப் புதிதில்லை. 'நாளைக்குத் தந்துடறேன்' என்று முப்பத்தைந்து வருஷம் சொன்னவள். கண்டக்டர் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். மருமகள் போனை ஸ்பீக்கரில் போட்டாள். கம்பெனித் தம்பி பதவிசாகப் பேசினான்.

"அம்மா, இந்த மெசேஜெல்லாம் நீங்க அனுப்பலையா?"

"நான் இல்ல."

"கை மாறிப்போச்சுன்னு ஒண்ணு இருக்கு. அது?"

"எனக்கு எதுவும் தெரியாது."

மருமகள் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினாள். ஒவ்வொன்றாக வாசித்தான், இவளும் ஒவ்வொன்றாகப் பெற்ற பிள்ளையை இல்லையென்பதுபோல இல்லையென்றாள். கடைசி ஒன்றுதான் பாக்கி.

"வெட்டறதுக்கு முன்னாடி துணியை நனைச்சுக் காயவைன்னு போட்டிருக்கு. இதுவும் நீங்க இல்லைதானே?"

"நான் இல்ல."

"சரிம்மா, குறிச்சுக்கிட்டேன்." தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டிக்கொண்டே, வெறும் பேச்சுத்துணைக்கு அவன் சொன்னான்: "யாரு அனுப்பினாங்களோ, விஷயம் தெரியாதவங்கபோல. எங்க அம்மாவும் தைப்பாங்க. நனைச்சா துணி விறைப்பு போயிடும், வேண்டாம்னுவாங்க."

கண்டக்டர் அவள் கையை அழுத்தினார். மருமகள் தலையைத் தலையை ஆட்டினாள். டெய்லரம்மா உதட்டைக் கடித்தாள். எண்ணினால் மூன்று விநாடி இருக்கும்.

"விறைப்புப் போனா இஸ்திரி போட்டா வந்துடும் தம்பி. சுருங்கின சட்டைக்கு என்ன பண்ணுவாங்க உங்கம்மா? முதல் துவைப்புலயே தொப்புள் தெரியும். அதுக்குத்தானே அவ்வளவு காசைக் கட்டி நான் சொன்னேன்."

தட்டுகிற சத்தம் நின்றது.

தவளை தன் வாயால் கெடும். ஆனால் தவளை தன் புருஷன் பல்லையும் சேர்த்துக் கெடுத்ததாக டெய்லரம்மா கேள்விப்பட்டதில்லை.

அந்தத் தம்பி நல்ல பிள்ளை, கோபித்துக்கொள்ளவில்லை. இனி கம்பெனி எதுவும் செய்யாது, அந்தப் பட்டனே மனசு வைத்துத் திருப்பித் தந்தால்தான் உண்டு என்றான். அந்தப் பெண்ணிடம் எப்படிக் கேட்பது? சும்மா எழுதினால் ஓடிப்போகும். மேலே நிற்க வேண்டுமென்றால் காசு கட்ட வேண்டும். கட்டின காசைக் கேட்பதற்கும் காசு. அதைக் கேட்டதும் கண்டக்டர் சிரிக்க ஆரம்பித்தார். பல்லில்லாத வாய், காற்றுத்தான் வந்தது. அழுகிறார் என்று நினைத்து டெய்லரம்மா தண்ணீர் கொண்டுவந்தாள்.

மறுநாள் நாலு மணிக்கு ஒரு பச்சை அனுப்பினாள். இருப்பதிலேயே மலிவான பச்சை. சொல்லும்போது குரல் இறங்கிப்போயிற்று. யார்கிட்டயும் கடன்கூடக் கேட்காதவள்.

பட்டன் வாசித்தாள். "கண்ணு, நான் அனுப்பினது எங்க வீட்டுக்காரர் பல்லு கட்ட வெச்சிருந்த பணம். தப்பு என்னோடதுதான். முடிஞ்சா திருப்பிக் குடு. ஆனா நான் சொன்னதெல்லாம் சரிதான்."

பார்த்த கூட்டம் சிரித்தது. மஞ்சள் மூஞ்சிகளாகப் பறந்தன. பட்டன் சிரிக்கவில்லை. கையிலிருந்த சட்டையைத் தூக்கிக் காட்டினாள். தோளில் மடிப்பு விழுந்து, போட்டவர் கையை உயர்த்த முடியாமல் திரும்பி வந்த சட்டை.

"டெய்லரம்மா, நீங்க அன்னைக்கே சொன்னீங்க. கையை மாத்தணும்னு. உங்க நம்பரைக் குடுங்க."

கைக்கு வந்த பணம் முழுவதையும் அவள் அந்த வாரமே அனுப்பிவிட்டாள். ஆனால் கட்டினதில் ஒரு பங்கை ஆப் கம்பெனி முதலிலேயே பிடித்துக்கொண்டிருந்தது. அது யானை வாயில் போன கரும்பு. மீதியில் மேல் வரிசைப் பல் வந்தது. கீழ் வரிசை கம்பெனியிடம் இருக்கிறது. யாராவது கேட்டால் கண்டக்டர் அப்படித்தான் சொல்கிறார்.

கீழ்ப்பல் வருகிற வரைக்கும் போனில் காசு கட்டுவதில்லை என்று டெய்லரம்மா மெஷின்மேல் அடித்துச் சத்தியம் செய்தாள். நாலு மணி நிகழ்ச்சியை மட்டும் விடவில்லை. பட்டன் காலரைத் தலைகீழாக வைக்கும்போது இரண்டு கையையும் தொடைக்குக் கீழே போட்டு உட்கார்ந்துகொள்வாள். முதல் நாள் அதைப் பார்க்கப் பொறுக்காமல் கண்டக்டர், "காலர்ல மேல் எது, கீழ் எது?" என்று கேட்டுவிட்டார்.

அவள் சொன்னாள். காலரில் ஆரம்பித்துப் பட்டிக்குப் போய், பட்டியிலிருந்து கைக்குழிக்கு வந்தாள். மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். ஊறின ரொட்டியை மேல்பல்லால் சுரண்டிக்கொண்டு அவர் எட்டு நாள் கேட்டார்.

ஒன்பதாம் நாள் மருமகளைக் கூப்பிட்டார்.

"அந்தச் சிவப்பு எவ்வளவும்மா ஆகும்? கீழ்ப்பல்லு மெதுவா வரட்டும்."