ஸ்டேஷனில் ஒரு கேரம் ஃபைனல்

ராயபுரத்தில் கேரம் ஆடத் தெரியாதவர்களை நாங்கள் மனிதக் கணக்கில் சேர்ப்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில், பத்து வயதில், சின்னப் பிள்ளைகள் போட்டியில் ஃபைனலுக்கு வந்தவள் நான். முக்கால்வாசி ஜெயித்துக் கொடுத்தது என் ஜோடி தர்ஷினியின் விரல் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இலங்கைச் சண்டையிலிருந்து அம்மாவோடு தப்பி வந்து எங்கள் மாடியில் குடியிருந்தாள் அவள்.

ஃபைனலன்று பார்த்து யாரோ பெரிய தலைவர் துறைமுகத்துக்கு வந்து தொலைத்தார். பாதுகாப்பாம்! தர்ஷினியையும் அவள் அம்மாவையும் காலையிலேயே போலீஸ் ஸ்டேஷனுக்கு வரவழைத்து, தலைவர் திரும்பும்வரை உட்காரவைத்துவிட்டார்கள். நாலு மணிக்கு அவள் வராவிட்டால் எதிர் ஜோடிக்குக் கோப்பை. நான் தரையில் புரண்டு அழுதேன்.

மீன் விற்கும் என் அத்தைக்கு அழுகிறவர்களைக் கண்டாலே ஆகாது.

"இன்னாத்துக்கு ஒப்பாரி வெச்சிகினு கீற? அவதானே வரக்கூடாது? போர்டு போலாம்ல?"

சும்மாட்டின் மேல் கேரம் போர்டை ஏற்றிக்கொண்டு நடந்தாள். பின்னால் நான், எதிர் ஜோடி, நடுவர், பாதித் தெரு.

இன்ஸ்பெக்டர் வாசலிலேயே மறித்தார். "ஏம்மா, இது ஸ்டேஷனா, கேரம் கிளப்பா? எனக்கு மேலேருந்து ஆர்டர்."

"உன் ஆர்டர நான் தொட்டனா நைனா? பொண்ணு உன் கண்ணு முன்னாலதான் கீது. கேரம் ஆடுனா நாடு கவுந்துடுமா?"

அவர் வராந்தாவிலிருந்த பெஞ்சை நகர்த்தச் சொன்னார்.

கடைசியில் ரெட் காயைப் போட்டாகிவிட்டது. ஃபாலோவாக இன்னொரு காய் விழுந்தால்தான் வெற்றி. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். "பயப்பிடாத, நான் போடுவன்" என்றாள் தர்ஷினி. போட்டாள். போலீஸ்காரர்களே விசிலடித்தார்கள். அன்று வந்த பெருமை எனக்கு என் கல்யாணத்தில்கூட வரவில்லை.

தலைவர் கிளம்பிவிட்டதாக வயர்லெஸ் சொன்னதும், ஏட்டு 'அகதிகள்' என்று அட்டையில் எழுதிய ஒரு பெரிய நோட்டை விரித்துத் தர்ஷினியிடம் கையெழுத்து வாங்கினார். அவள் அம்மாவிடமும் வாங்கினார். ஜெயித்தவளின் அம்மாவுக்குக்கூட மரியாதை, ஜோடியாக ஆடிய எனக்கு இல்லையா? நானும் பேனாவுக்குக் கை நீட்டினேன்.

"உனக்கில்லம்மா" என்றார் ஏட்டு.

அந்த நோட்டில் தன் பெயர் இல்லையே என்று அழுதவள் அந்த ஸ்டேஷனிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தர்ஷினி கோப்பையை என் கையில் திணித்து, "உனக்கு அது வேண்டாமடி" என்றாள்.

ஜெயித்த திமிரில் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.