நீர் அணித் தலைவிக்கு நீந்தத் தெரியாது

நீர்ச் சக்தி பலவீனமானது என்று சொல்பவர்களோடு எனக்கு இன்றைக்கும் ஒத்துவராது. தம்பியும் நானும் சித்தப்பாவின் பிள்ளைகளும் ஒரே கைப்பேசியைச் சுவரில் சாத்தி வைத்து ஜப்பானியக் கார்ட்டூனான அந்த நிஞ்சா அனிமேயைப் பார்த்து வளர்ந்தவர்கள். அதில் சண்டை போடும் ஒவ்வொரு நிஞ்சா வீரனுக்கும் ஒரு சக்தி உண்டு: நெருப்பு, காற்று, மின்னல், மண், நீர். பார்த்து முடிந்ததும் நாங்கள் சக்திகளைப் பங்கு போடுவோம். தம்பி முந்திக்கொண்டு நெருப்பை எடுத்துவிடுவான். நான் நீரைக் கேட்டால், "அக்கா, நீங்கள் காயத்துக்கு மருந்து போடுற ஆள்" என்பான். கதையிலும் அப்படித்தான். பெண் என்றால் பின்னால் நின்று அடுத்தவனின் காயத்தை ஆற்ற வேண்டும். அதை எழுதினவனை நான் திட்டாத நாள் இல்லை.

இருபத்திரண்டு வயதில் எனக்கு ஒரு வேலை கிடைக்கப் பார்த்தது. நிலாவெளியில் திமிங்கிலம் காட்டப் பயணிகளை ஏற்றிப் போகும் படகொன்றுக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தம்பியும் நானும் ஒரே ஆட்டோவில் போய் இறங்கினோம். முதலாளி தம்பியைப் பார்த்து, "மீன்பிடிக்கிற வீட்டுப் பொடியன்தானே, நாளைக்கே வா" என்றார். என்னிடம், "தங்கச்சி, நீந்தத் தெரியுமோ? மாச முடிவுக்குள்ள நீந்திக் காட்டினா உனக்கும் வேலை இருக்கு" என்றார். அவர் என்னைக் கேட்டதில் பிழை இல்லை. எனக்கு நீந்தத் தெரியாதுதான். அதுதான் என் கோபமே!

எங்கள் வீட்டு வாசலிலிருந்து கடலுக்கு நாற்பது அடி இருக்காது. அப்பா கடலுக்கடியில் சுழியோடிச் சங்கு எடுத்தவர். ஐந்து வயதிலேயே தம்பியைத் தோணியிலிருந்து தூக்கிப் போட்டு நீச்சல் பழக்கினார். நான் முழங்கால் தண்ணீரில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வயதுக்கு வந்து பெரியபிள்ளையானதும் அந்த முழங்கால் தண்ணீரும் போயிற்று. வேலைக் கதையைச் சொல்லி நீச்சல் பழக்கச் சொல்லிக் கேட்டபோது அப்பா சொன்னது ஒரே சொல். "ஏலாது." அம்மா அதற்கு மேலே போனார். "ஈரச் சட்டையோட கரையில நிண்டா ஆக்கள் என்ன கதைப்பினம்?"

அந்தக் கிழமைதான் எங்கள் விளையாட்டுக் கழகத்தின் புதுவருடப் பட்டிமன்றம். வழக்கமாகக் குடும்பத்தில் மகிழ்ச்சி யாரால், கணவனாலா மனைவியாலா என்று இழுப்பார்கள். இந்த முறை இளசுகள் நாங்கள் சண்டை பிடித்து வேறு தலைப்பு வாங்கினோம்: நிஞ்சாவுக்குச் சிறந்த சக்தி நீரா, நெருப்பா? நீர் அணிக்கு நான் தலைவி. நெருப்புக்குத் தம்பி. நடுவராகக் கிண்ணியாவிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் வந்தார். அந்த அனிமேயில் ஒரு அத்தியாயம்கூடப் பார்க்காத மனிதர். மணி அடிப்பதில் மட்டும் கெட்டிக்காரர்.

நான் சும்மா விடவில்லை. "நீர் சுவராய் நிற்கும், மூடுபனியாய் மறைக்கும், எதிரியைக் குமிழிக்குள் அடைக்கும். இதுக்குள்ள உங்கட நெருப்பைக் கொண்டு வந்து கொளுத்துங்கோ பாப்பம்" என்றேன். விசில் பறந்தது. தம்பியும் விடவில்லை. மண் எழும்பினால் நீர் நின்றுவிடும், மின்னல் அடித்தால் நீருக்குள் நிற்பவனுக்கே ஆபத்து, பக்கத்தில் ஆறோ குளமோ இல்லாத இடத்தில் நீர் நிஞ்சா வெறும் ஆள் என்று அடுக்கினான். அதுவரைக்கும் நியாயம்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"நடுவர் அவர்களே, நீர் அணித் தலைவிக்கு நீந்தத் தெரியுமோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ."

சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் இருந்த அப்பாவும் சிரித்தார். அதைக் கண்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தெரியாது" என்று ஒலிவாங்கியிலேயே சொன்னேன். "சுழியோடுற மனுசன்ர மகள் நான். எனக்கு நீந்தத் தெரியாது. ஏனெண்டு அந்தா, முன்னுக்கு இருந்து சிரிக்கிற என்ர அப்பாட்டக் கேளுங்கோ."

சிரிப்பு நின்றது. பெண்கள் பக்கத்தில் யாரோ ஒருத்தி, "ஓம், கேளுங்கோ" என்றாள். நடுவர் அவசரமாக மணியை அடித்துத் தீர்ப்பைச் சொன்னார். நீரும் வேண்டும், நெருப்பும் வேண்டும், இல்லாவிட்டால் சோறு எப்படி அவியும்? எல்லோரும் கை தட்டினார்கள். சோறு அவிக்கவா நான் அவ்வளவு நேரம் தொண்டை கிழியக் கத்தினேன்!

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டார். "சபையில அப்பான்ர மானத்தை வாங்கிப்போட்டாயே!"

"தோணி கவிண்டா மானம் வந்து என்னைத் தூக்குமோ?" என்று நானும் கத்தினேன். "உங்களையும் தூக்காது. உங்களுக்கு மட்டும் நீந்தத் தெரியுமோ?"

அம்மா அடுப்பைப் பார்க்கக் குசினிக்குள் போய்விட்டார். கதிரையில் குனிந்திருந்த அப்பா தலையை நிமிர்த்தி, "உனக்கும் தெரியாதோ?" என்று அவரைக் கேட்டார். கலியாணம் முடித்து இருபத்தைந்து வருடம். எத்தனை தரம் தோணியில் ஏற்றிக்கொண்டு போயிருப்பார்! மனைவிக்கு நீந்தத் தெரியுமா என்பதே அவருக்குத் தெரியவில்லை.

அப்பா எழும்பி வந்து என்னிடம், "நாளைக்குத் தம்பியோட போய்ப் பழகு" என்றார்.

"தம்பியோட இல்லை. ஏலாது எண்டு சொன்னது நீங்கள். நீங்களே பழக்குங்கோ."

அடுத்த நாள் பின்னேரம் நாலு மணிக்கு இறங்கினோம். கரைவலை இழுக்கும் நேரம், முழுச் சனமும் கரையில் நிற்கும். நிற்கட்டும் என்று தம்பியின் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். இடுப்பளவு தண்ணீரில் அப்பா என் வயிற்றுக்குக் கீழே கையை வைத்துத் தாங்கினார். கரைப் பக்கம் அவர் பார்க்கவேயில்லை. "காலை அடி" என்று சொல்லிக் கையை எடுத்தார். மூழ்கினேன். மூக்கெல்லாம் உப்பு. எழும்பி, "திரும்ப விடுங்கோ" என்றேன். எத்தனை தரம் விட்டாரோ, எத்தனை தரம் குடித்தேனோ. கடைசியில், கை விரித்து அளந்தால் நாலு பாகம் தூரம் தனியே போனேன்.

"இண்டைக்கு இவ்வளவும் காணும்" என்று அப்பா கரைக்குத் திரும்பினார். வலை இழுப்பவர்களைத் தாண்டிக்கொண்டு அம்மா தண்ணீருக்குள் வந்துகொண்டிருந்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகியிருந்தார்.

"எங்க போறீங்கள்?" என்று அப்பாவைக் கேட்டார். "நானும் இருக்கிறன்."