வாய் மூடிய பூதங்கள்

இன்று மாலை சிறுவர் கதைப் புத்தகம் ஒன்றுக்காகப் பூதத்தை வரைந்துகொண்டிருந்தேன். வெளியே மூடுபனிக்குள் யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். தூரிகை நின்றுவிட்டது.

என் சிறுவயதில், எங்கள் மலையூரான நாகலூரில் பனி இறங்கினால் நடந்து வருபவர் குரல் கொடுப்பார். கேட்டவர் கட்டாயம் பதில் சொல்லவேண்டும். பள்ளத்தில் விழாமலிருக்க அதுதான் வழி. அப்படிப் பனி மூடிய ஒருநாள் அக்கா என்னைத் தேடிக் காப்பித் தோட்டத்துக்குள் வந்தாள். நான் வேண்டுமென்றே மரத்தின் பின்னால் ஒளிந்தேன்.

"டேய் சாமி, எங்கடா இருக்கற? ஊட்டுக்கு வா, அப்பா பிரம்போட நிக்கறாரு!"

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அப்போது பள்ளத்துப் பக்கமிருந்து ஒரு குரல், "இங்கதான் இருக்கறேன் அக்கா" என்றது. அது என் குரல்.

"நொம்பக் கொழுப்புடா உனக்கு!" சிரித்தபடி அவள் அந்தப் பக்கம் நடந்தாள். நான் கத்தியிருக்கலாம். பயத்தில் மரத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பள்ளத்தில் விழுந்த அக்கா பிழைக்கவில்லை. கால் தவறிவிட்டாள் என்று ஊர் நம்பியது. நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு பழங்கதைகளுக்குப் படம் போடுவதே என் தொழிலாயிற்று. என் பூதங்கள் வாயைத் திறப்பதில்லை. சாதுவான பூதங்கள் என்று பெற்றோர்கள் பாராட்டினார்கள். திறந்தால் அந்தக் குரல் வந்துவிடுமோ என்ற பயம்தான் எனக்கு.

பேத்தி அருகில் வந்து பார்த்தாள். "ஏன் தாத்தா, இந்தப் பூதம் பேசவே பேசாதா?"

"என் அக்கா கூப்பிட்டப்ப வாயத் தொறக்காம நின்னது பூதமில்ல கண்ணு, நான்தான்" என்றேன்.