வலை கட்டாத கோல்

எங்கள் வீட்டில் பெண்கள் ஆடும் காற்பந்தைப் பார்ப்பது கொஞ்சம் பயமான விஷயம். என் அக்காள் பந்தைப் பார்க்க மாட்டாள். எந்த நாடு ஜெயிக்கிறது என்றும் கேட்க மாட்டாள். இரண்டு பக்கத்துக் கோல் கீப்பர்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருப்பாள். பினால்டி என்று விசில் ஊதிவிட்டால் நாற்காலியின் நுனிக்கு வந்துவிடுவாள். கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்து, பந்து நடுவே உருண்டு வலைக்குள் போனால், "வழி விட்டுட்டா, பாத்தியா?" என்று மெதுவாகச் சொல்வாள். "பாத்தேன்க்கா" என்பேன். வேறென்ன சொல்ல? யாருக்கு வழி விட்டாள் என்று அவள் நினைக்கிறாள் என்பது எனக்குத் தெரியும்.

நாங்கள் பிறந்தது ஈப்போவுக்கு வெளியே ஒரு கித்தாத் தோட்டத்தில், ரப்பர் தோட்டம் என்பார்களே, அதில். இப்போது அங்கே ஒரு கித்தா மரம்கூட இல்லை, எல்லாம் எண்ணெய்க்கு வளர்க்கிற செம்பனை. ஒரு பக்கம் சுண்ணாம்பு மலை, மறுபக்கம் ஆறு, நடுவில் நாங்கள் குடியிருந்த லயங்கள், லயங்களுக்குப் பின்னால் திடல். மலையடியில் முனியாண்டி சாமி. அந்தி நேரத்தில் சாமி மலையை விட்டு இறங்கி ஆற்றுக்குப் போவார் என்பது தோட்டத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. அவர் போகும் பாதையில் கோழிக்கூடுகூட யாரும் போட மாட்டார்கள். இதெல்லாம் தெரியாத துரை ஒருவர் எந்தக் காலத்திலோ திடலை வெட்டியபோது, ஆற்றுப்பக்கத்துக் கோல் சரியாக அந்தப் பாதையின்மேல் வந்து உட்கார்ந்துவிட்டது. கம்பத்தைப் பிடுங்கச் சொல்லி துரையிடம் யார் போய்க் கேட்பது? பெரியவர்கள் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்தக் கோலுக்கு மட்டும் வலை கட்டுவதில்லை. சாமி இரண்டு கம்பங்களுக்கும் நடுவே புகுந்து போய்க்கொள்ளட்டும்.

ஆடுகிற நாங்களும் அதற்குப் பழகிக்கொண்டோம். அந்தி சாயும்போது திடீரென்று நாய்கள் அடங்கும். சுருட்டு வாசம் வரும். சுருட்டுக் குடிக்கிற ஆள் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார். உடனே பந்தைக் காலடியில் அமுக்கிக்கொண்டு எல்லாரும் நின்றுவிடுவோம். ஆற்றுப்பக்கத்துக் கீப்பர் ஒரு எட்டு இடப்பக்கம் ஒதுங்கி நிற்பாள். கொஞ்ச நேரத்தில் எங்கேயோ ஒரு நாய் குரைக்கும். "போயிட்டாரு" என்று யாராவது சொல்வார்கள், ஆட்டம் மறுபடி தொடங்கும். எதிரணி வேறு தோட்டத்திலிருந்து வந்திருந்தாலும் சேர்ந்து நிற்கும். அவர்கள் தோட்டத்திலும் ஒரு சாமி உண்டு. இதை பக்தி என்றுகூட நான் சொல்ல மாட்டேன். ரோட்டில் லாரிக்கு ஒதுங்குவது மாதிரிதான் ஒதுங்கினோம்.

அக்காள் அந்தக் கோலில் நின்று வளர்ந்தவள். நான் இடது முனையில் ஓடுவேன். அம்மா விடியுமுன் பால் வெட்டப் போகும்போது அக்காளும் கூடப் போவாள், மரத்துப் பால் வடிகிற மங்கு துடைத்துக் கொடுத்துவிட்டு, சாயங்காலம் திடலுக்கு வந்து கம்பத்துக்குக் கம்பம் பாய்வாள். தோட்டத்துக் குழுவிலிருந்து மாநிலத்துக்கு, அங்கிருந்து நாட்டுக்கு என்று போனாள். எனக்குப் பொறாமையாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது. எது கூடுதல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

ஆசிய நாட்டுப் பெண்கள் மோதிய போட்டி ஒன்று, கடலோர ஊர் ஒன்றில் நடந்தது. நான் போகவில்லை. அக்காளும் கூட ஆடியவர்களும் சொன்னதுதான் எனக்குத் தெரியும். ஆட்டம் சமநிலையில் இருந்தது. அப்படியே முடிந்தால் நமக்கு அடுத்த சுற்று. கடைசி நிமிடத்தில் எதிரணிக்கு பினால்டி கிடைத்தது. அந்தி நேரம், மைதானத்து விளக்குகள் அப்போதுதான் எரியத் தொடங்கியிருந்தன. எதிரணிக்காரி பந்தை வைத்துவிட்டுப் பின்னால் நடந்தாள். அந்த நேரம் பார்த்து அக்காளுக்குச் சுருட்டு வாசம் வந்தது. ஒரு எட்டு இடப்பக்கம் ஒதுங்கி, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றாள். உதைக்க ஓடி வந்தவளே திகைத்துப்போய்ப் பந்தை மெதுவாகத்தான் தட்டினாளாம். பந்து நடுவே உருண்டு உள்ளே போனது.

"ஏன் ஒதுங்கினே?" என்று பயிற்சியாளர் கேட்டிருக்கிறார். அக்காளுக்குப் பொய் வராது. "சாமி போனாரு சார்" என்றாள். அதன் பிறகு அவளை யாரும் ஆடக் கூப்பிடவில்லை. மூளை கலங்கிவிட்டது என்றார்கள் சிலர், அதைவிடக் கேவலமாகப் பேசியவர்களும் உண்டு. தோட்டத்தில் மட்டும் யாரும் வாயே திறக்கவில்லை. அதுதான் அவளை ரொம்ப வதைத்தது. சாமிக்கு ஒதுங்கியவளைத் திட்டவும் முடியாது, நாட்டைத் தோற்கடித்தவளைத் தட்டிக்கொடுக்கவும் முடியாது, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள்.

பிறகு கல்யாணம், கமுந்திங்கில் கையுறைத் தொழிற்சாலை வேலை, இரண்டு பிள்ளைகள், அத்தான் போய்ச் சேர்ந்தது, புந்தோங்கில் என் வீட்டுக்கே வந்துவிட்டது என்று அவள் வாழ்க்கை ஓடியது. இத்தனைக்கும் நடுவில் அவளிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. "நான் நின்னிருந்தா என்னாடி ஆயிருக்கும்?" மீன் ஆயும்போது கேட்பாள். பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்பாள். சாமி அடித்துப் போட்டிருப்பாரா, இல்லை பந்தைப் பிடித்து நாட்டை அடுத்த சுற்றுக்குக் கொண்டு போயிருப்பாளா? எனக்கு என்ன தெரியும்? நான் கீப்பரும் இல்லை, பூசாரியும் இல்லை.

உலகக் கோப்பைகளை எல்லாம் அவள் பார்த்தது இந்தக் கேள்விக்காகத்தான். நானும் ஃபோனில் பழைய கதைகளைத் தேடிப் பிடித்துக் காட்டுவேன். முறையான உலகக் கோப்பை என்று ஒன்று வருவதற்கு ரொம்ப முன்னாலேயே மெக்சிகோவில் பெண்கள் கூடி ஆடியிருக்கிறார்கள், லட்சம் பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். பிறகு அது கணக்கில் சேராது என்று சொல்லி மூடிவிட்டார்கள். ஆடியவர்கள் ஊருக்குத் திரும்பி வாயை மூடிக்கொண்டு பிள்ளை வளர்த்தார்கள். நிரம்பி வழிந்த அந்த மைதானத்தின் படத்தை அக்காள் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். "இத்தனை பேரும் எங்கடி போனாங்க?" என்றாள். கேட்டுவிட்டு அவள் தூங்கப் போய்விட்டாள். எனக்குத்தான் அந்தப் படத்தை மறுபடி திறக்கத் தைரியம் வரவில்லை.

சீனாவில் நடந்த முதல் உலகக் கோப்பையில் ஓர் ஆட்டத்துக்கு எண்பது நிமிடம்தான். பெண்களுக்குத் தொண்ணூறு தாங்காது என்று பயந்துவிட்டார்களாம்! இருட்டோடு எழுந்து மலை மேடெல்லாம் ஏறிப் பால் வெட்டிய பெண்களை அவர்கள் பார்த்திருக்க வேண்டும் என்று நான் கத்தினேன். அக்காள் கத்தவில்லை. "அப்ப மிச்ச பத்து நிமிசத்த யாரு ஆடினாங்க?" என்று கேட்டாள். சிரிப்பாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஜப்பானில் சுனாமி அடித்த அதே ஆண்டில் அந்த நாட்டுப் பெண்கள் கோப்பையை ஜெயித்தார்கள். மறு ஒளிபரப்பைப் பகலில் பார்த்தோம். இறுதியில் பினால்டி உதைகள். ஜப்பான் கீப்பர் ஒரு பக்கம் பாய்ந்தாள், பந்து நடுவே வந்தது, ஆனால் பாய்ந்தவளின் கால் பின்தங்கி அங்கேயே இருந்தது. அந்தக் காலில் பட்டுப் பந்து வெளியே தெறித்தது. உலகமே கை தட்டியது. அக்காளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "கால வழியில வெச்சிட்டாளே" என்றாள். அந்த வாரம் முழுக்க, பேர்கூடத் தெரியாத அந்தப் பெண்ணுக்காகச் சூடம் கொளுத்திக் கும்பிட்டாள். எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஆனாலும் சூடம் தீர்ந்தபோது நான்தான் கடைக்குப் போய் வாங்கி வந்தேன்.

பிறகு தோட்டம் கைமாறியது. வீடு கட்டப்போகிறார்கள், சாமியைப் பெரிய ரோட்டுப் பக்கம் ஒரு துண்டு நிலத்துக்கு மாற்றுகிறார்கள் என்று பூசாரி தகவல் சொல்லி அனுப்பினார். முன்பு தோட்டத்து லாரி ஓட்டியவர் அவர். பழைய இடத்தில் கடைசிப் படையல் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஆஸ்திரேலியாவில் பெண்கள் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டமும் அதே நாள். அங்கே இரவு, நமக்கு அந்தி. "ஃபோன்ல பாத்துக்கலாம், வா" என்று அக்காள் முதலில் போய்க் காரில் உட்கார்ந்துவிட்டாள். பூசைச் சாமான் பையில், தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அடியில், ஒரு பந்து இருந்தது. பார்த்தும் நான் கேட்கவில்லை.

வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். கோழியும் கருப்புப் பீரும் சுருட்டும் படைத்துக் கும்பிட்டுவிட்டு, இருட்டுவதற்குள் போக வேண்டும் என்று அவரவர் கிளம்பிவிட்டார்கள். பூசாரியும் நாங்களும் மட்டும் மிஞ்சினோம். ஃபோனை ஒரு சொம்பில் சாய்த்து வைத்து ஆட்டம் பார்த்தோம். ஸ்பெயின் ஒரு கோல் முன்னால் இருந்தது. இரண்டாம் பாதியில் அவர்களுக்கு பினால்டியும் கிடைத்தது. அக்காள் முன்னால் குனிந்தாள். இங்கிலாந்து கீப்பர் பாய்ந்து விழுந்து பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். எழுந்து ஏதோ கத்தினாள்.

"நகர்ந்தா," என்றாள் அக்காள். "ஆனா பந்துக்காக நகர்ந்தா." எழுந்து, சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, பையிலிருந்து பந்தை எடுத்தாள். "வாடி."

பூசாரிக்குப் புரிந்துவிட்டது. "யம்மா, அந்த நேரம் ஆவுது. அங்க போவாதீங்கலா," என்றார்.

"நாளைக்கு இந்த வழியே இருக்காதுண்ணே. இன்னைக்கு விட்டா நான் யாருகிட்ட போய் கேக்கிறது?"

அவர் மேற்கொண்டு தடுக்கவில்லை. சாமி பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

திடலில் லாலான் புல் முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது. ஆற்றுப்பக்கத்துக் கோலின் இரண்டு கம்பங்களும் துருப்பிடித்து நின்றன. அக்காள் சரியாக நடுவில் போய் நின்றாள். நான் புல்லை மிதித்துப் படுக்க வைத்து அதன்மேல் பந்தை வைத்தேன். "வாசம் வந்தப்புறம் உதை," என்றாள். காத்திருந்தோம். வீட்டுக்குப் போகலாம் என்று கெஞ்சலாமா என்றுகூட நினைத்தேன். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

நாய்கள் அடங்கின. செம்பனைக்குள் கத்திக்கொண்டிருந்த பூச்சிகளும் ஒரேயடியாக நின்றன. சுருட்டு வாசம் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. மலை எனக்குப் பின்னால் இருக்கிறது, வருகிறவர் என்னைத் தாண்டித்தான் போக வேண்டும் என்பதை அதுவரை நான் யோசிக்கவே இல்லை. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. எனக்குப் பக்கத்தில், ஓர் ஆள் அகலத்துக்கு, புல் படுத்தது. காற்று இல்லை. கொஞ்சம் தள்ளி மறுபடி படுத்தது. அப்படியே படுத்துப் படுத்து அக்காளைப் பார்த்துப் போனது. படுத்த புல் எழுந்திருக்கவில்லை.

அக்காளின் இடது கால் தானாக ஓர் எட்டு எடுத்தது. அதை இழுத்து வந்து பழைய இடத்திலேயே ஊன்றினாள். கண்ணை மூடவில்லை. அவளுக்கு நேர் எதிரே புல் படுத்து, அங்கேயே நின்றது. அவள் நெற்றி மயிர் லேசாக அசைந்தது, யாரோ மிக அருகில் மூச்சு விடுவது மாதிரி. எனக்கு அக்காள் செத்துவிடுவாள் என்று தோன்றியது.

பிறகு, இடப்பக்கக் கம்பத்துக்கு வெளியே புல் படுத்தது. அதற்கு அப்பால் ஒரு தரம். அதற்கும் அப்பால், ஆற்றுப் பக்கமாக.

"உதைடி!" என்று அக்காள் கத்தினாள். உதைத்தேன். என் வயசுக்கு அது நல்ல உதைதான். அவள் குனிந்து அதை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தூரத்தில் ஒரு நாய் குரைத்தது.

நான் ஓடிப் போய் அவள் தோளைப் பிடித்தேன். உடம்பு சூடாக இருந்தது, உயிரோடுதான் இருந்தாள். சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவளுக்குக் கோபம்தான் வந்திருந்தது.

"சுத்திப் போயிட்டாருடி," என்றாள். "ஒரு எட்டு. ஒண்ணுமே சொல்லாம சுத்திப் போயிட்டாரு."

"போயிட்டாருக்கா. வா, போலாம்."

அவள் நகரவில்லை. பந்தைக் கட்டிப் பிடித்தபடி என்னையே பார்த்தாள். "அப்ப அன்னைக்கும் சுத்திப் போயிருப்பாருல்ல?"

ஆமாம் என்றேன். அந்த நேரத்தில் எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை. அவள் அந்த இரண்டு கம்பங்களுக்கும் நடுவே புல்லில் உட்கார்ந்து, அத்தான் செத்தபோதுகூட அழாத அழுகை அழுதாள்.