வயிற்றில் கேட்ட சத்தம்

போன தீபாவளி சீசன் முடிந்து கம்பெனிகள் பூட்டிக் கிடந்த நேரத்தில், சிவகாசியில் எனக்கு மகள் பிறந்தாள். கம்பி மத்தாப்பு கம்பெனியில் எனக்கு வேலை. வயிறு தள்ளிய பிறகும் போய்க்கொண்டுதான் இருந்தேன். எங்கள் பக்கம் பாதிப் பேர் அப்படித்தான்.

வீட்டுக்கு வந்ததிலிருந்தே பிள்ளைக்கு மூச்சு வாங்கியது. நாலு வாய் பால் குடிப்பதற்குள் தலையெல்லாம் வியர்த்து அசந்துவிடுவாள். என் வீட்டுக்காரரின் அக்கா, எனக்கு மதினி, வந்து பார்த்தார்.

"பட்டாசு மருந்து நெடிதான் பிள்ளைக்குள்ள எறங்கியிருக்கு. எங்க ஊருல வந்து நல்ல காத்துல கெடக்கட்டும்" என்று அணைக்கட்டுப் பக்கம் இருக்கும் ஆனைக்குட்டத்துக்குக் கூட்டிப்போனார். எங்கள் ஊரில் யாருக்கு மூச்சு முட்டினாலும் மருந்து நெடியைத்தான் சொல்வோம். எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

அணைக் காற்று சிலுசிலுவென்று அடித்த காலையிலும் பிள்ளையின் தலை நனைந்தது. இந்தக் காற்றில் எதற்கு வியர்க்கிறது? பயந்துபோய் விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள்.

மதுரையில் டாக்டரம்மா பிள்ளையின் நெஞ்சில் வைத்த ஸ்டெதஸ்கோப்பை வயிற்றின் வலப்பக்கம் வைத்து, வெகுநேரம் கேட்டார். ஸ்கேன் எடுத்த பிறகு விளக்கினார். ஈரலில் ரத்தக்குழாய்கள் கருவிலேயே தாறுமாறாகச் சேர்ந்திருக்கின்றனவாம். ரத்தம் அங்கே குறுக்குவழியில் பாய்வதால், இருதயம் ஓயாமல் இறைத்துக் களைத்துவிட்டதாம்.

"மாசமா இருக்கும்போதும் கம்பெனிக்குப் போனேன். அதனாலயா டாக்டரம்மா?"

"இல்லம்மா. உன்னால வந்தது இல்ல. ரொம்ப அபூர்வமா இப்படி அமைஞ்சுருது" என்றவர், ஸ்டெதஸ்கோப்பை என் காதில் மாட்டினார். மோட்டார் ஓடும்போது பைப்பில் தண்ணீர் இரைவதுபோல ஒரு சத்தம். அத்தனை சின்ன வயிற்றுக்குள் அத்தனை இரைச்சல்.

தொடை வழியாக மெல்லிய டியூப் விட்டு, அந்தக் குறுக்குவழியை அடைத்தார்கள். அடைப்பு சரியாகத்தான் விழுந்தது. இருதயத்தில்தான் தெம்பு மிச்சமில்லை. பெயர் வைப்பதற்குள் போய்விட்டாள்.

"நல்ல காத்துன்னு நாளக் கடத்தி நாந்தான் கெடுத்துட்டேன்" என்று மதினி என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்.

மறுபடி வேலைக்குப் போகிறேன். யார் வீட்டுப் பிள்ளையாவது பால் குடிக்கும்போது வியர்த்து மூச்சு வாங்கினால், "நெடின்னு விட்டுராதீக, வயித்துலயும் வச்சுக் கேக்கச் சொல்லுங்க" என்கிறேன். டாக்டரம்மா சொன்னது அத்தனையும் தெரிந்தும், சாயங்காலம் கை கழுவும்போது மட்டும், விரலிடுக்கில் ஒட்டிய மத்தாப்பு மருந்தின் சாம்பல் நிறப் பொடியைத் தோல் எரியும்வரை தேய்த்துக்கொண்டே இருக்கிறேன்.